பிசினஸ் பாட்காஸ்ட் தொடங்க எந்த மைக், எந்த அறை?

மைக் வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை. பேசப்போகும் அறையில் போனை மேசை மேல் வைத்து, யாரும் வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து ஹெட்போனில் கேளுங்கள். ஃபேன், ஏசி, தெருமுனை ஹாரன், மேல்மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் வரிசையாக வரும். அடுத்து ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் சட்டென்று அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால் அறையில் எதிரொலி இருக்கிறது. எந்த விலை மைக் வாங்கினாலும் இந்த இரண்டும் அதில் பதியும்.

குறைந்த விலையில் ஸ்டாண்டோடு சேர்த்துத் தரும் கண்டன்சர் மைக் கிட் (சின்னச் சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் வகை) பார்க்க அழகாக இருக்கும். அமைதியான ஸ்டுடியோவுக்கு அது சரி. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள சென்னை ஃப்ளாட்டுக்கு டைனமிக் மைக்தான் பொருந்தும். அதற்கென்று மந்திரசக்தி எதுவும் கிடையாது. வாயை ஒட்டி வைத்துப் பேசுவதற்கென்றே அமைந்தது என்பதால் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்து வைக்கலாம். கெயின் குறைந்தால் அறையின் சத்தமும் பின்வாங்கும். அதே மைக்கை இரண்டடி தள்ளி வைத்தால் எதிரொலி திரும்பவும் வந்து உட்காரும்.

தனியாகப் பேசுகிறவருக்கு சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டில் ஒன்று போதும். இரண்டிலும் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை உள்ள மைக் கேபிள்) இரண்டு இணைப்பும் உண்டு. இன்று நேராக லேப்டாப்பில் சொருகலாம். நாளை விருந்தினர் வந்தால் அதே மைக்கை இன்டர்ஃபேஸுக்கு (மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) மாற்றிக்கொள்ளலாம். ஹெட்போனையும் மைக்கிலேயே மாட்டலாம்.

எதிரில் ஆள் உட்கார்ந்து பேசுவதென்றால், ஒரே லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி மைக் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பல மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு மைக்கைத்தான் ஏற்கும். எப்படியாவது இரண்டையும் சேர்த்தாலும் ஒவ்வொரு மைக்கின் உள்ளே ஓடும் கடிகாரமும் தனித்தனி வேகம், ஒரு மணி நேரம் போனதும் குரல்கள் முன்னே பின்னே நகர்ந்துவிடலாம். வாங்க வேண்டியவை: எக்ஸ்எல்ஆர் டைனமிக் மைக் 2, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போல இரண்டு மைக் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் 1, 3 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் 2, ஸ்டாண்ட் 2, காதை முழுக்க மூடும் ஹெட்போன். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது கண்டன்சருக்கானது, அணைத்தே வையுங்கள்.

யூடியூபில் எல்லோர் முன்னும் தெரிகிற ஷூர் எஸ்எம்7பி முதல் நாளுக்கு வேண்டாம். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் தேவை. பழைய, மலிவான இன்டர்ஃபேஸ்களில் குமிழை முழுக்கத் திருப்பினாலும் எட்டாது, இரைச்சல்தான் ஏறும். அதே ஷூரின் எஸ்எம்58 நல்ல மைக், ஆனால் அதன் போலிகள் சந்தையில் நிறைய. நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள். எதை வாங்கினாலும் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். வாரண்டிக்கும் உள்ளீட்டு வரிக் கழிவுக்கும் அது வேண்டும்.

மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை இடைவெளி. நேர் எதிரே வைக்காமல் உதட்டோரத்துக்குச் சற்று விலக்குங்கள். 'பணம்', 'பங்கு', 'பேமெண்ட்' என்று பேச்சு முழுக்கப் 'ப' வரும். நேரே இருந்தால் ஒவ்வொன்றும் 'டொப்' என்று காற்றடிக்கும். மைக்கின் முன் வைக்கும் காற்றுத் தடுப்பு வலையான பாப் ஃபில்டர் உதவும், ஆனால் கோணம்தான் முக்கியம்.

இந்த மைக்குகள் முதுகுப்பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே நீங்கள் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், மைக்கின் முதுகு தெருவைப் பார்க்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் கனமான திரையோ துணி நிறைந்த திறந்த அலமாரியோ இருக்கட்டும், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. ஏசியில் அறையைக் குளிரவைத்து அணைத்துவிட்டு, 20 நிமிடத் துண்டுகளாகப் பேசுங்கள். சீலிங் ஃபேன் கூடவே கூடாது. 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அங்கேயே நின்றுவிடும்.

ரெக்கார்டிங் மென்பொருளில் வைக்க வேண்டிய அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு; ஆளுக்கொரு டிராக், அதாவது தனித்தனிப் பதிவு. ஒரு மைக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும், இடம் இருக்கிறதா பாருங்கள். மென்பொருளின் ஒலி மீட்டரில் சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். விருந்தினர் சிரித்தாலும் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. மீட்டரின் மேல் எல்லையான பூஜ்யத்தில் முட்டிச் சிதைந்த குரலைச் சரிசெய்வது மிகக் கடினம். மெதுவாகப் பேசி அளவு பார்ப்பதுதான் இங்கே வழக்கமான தப்பு. கோபமாக ஒரு வரி சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் போனில் பேச நேர்ந்தால், அவர் இயர்போன் மாட்டிக்கொண்டு, இன்னொரு போனின் ரெக்கார்டரை ஒரு சாண் தள்ளி வைத்துத் தன் குரலைத் தானே பதியட்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அழைப்பில் நசுங்கி வந்த குரலை வைத்து எடிட் செய்வதைவிட இது பல மடங்கு மேல்.

எடிட்டுக்கு ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். வேலை முடிந்ததும் மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கடற்காற்றின் ஈரமும் உப்பும் இணைப்பு முனைகளை அரிக்கும்.