மயங்கி விழுந்து வந்தவரின் ஆபத்தை எடைபோடுவது எப்படி

முதலில் 12 லீட் ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைப் பன்னிரண்டு கோணங்களில் பதிவது), மற்றதெல்லாம் பிறகு. அதில் க்யூடிசி (இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம், துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்தியது) 480 மில்லிசெகண்டைத் தாண்டினாலோ, க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்தூண்டல் பரவும் நேரம்) 130-க்கு மேல் அகன்றிருந்தாலோ வீட்டுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள்.

விழுந்ததைப் பார்த்தவரிடம் கேளுங்கள்: நின்றபோதா, படுத்திருந்தபோதா, ஓடும்போதா? குமட்டி, வியர்த்து, கண் இருட்டிச் சரிந்தால் பெரும்பாலும் சாதாரண மயக்கம். முன்னறிகுறியே இல்லாமலோ ஓட்டத்தின் நடுவிலோ விழுந்தால் இதயத்தைச் சந்தேகியுங்கள்.

ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். நிற்கவைத்து 1, 3 நிமிடங்களில் மறுபடியும். மேல் அளவு 20 குறைந்ததும் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று தேடலை நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. உள்ளே ரத்தம் கசிந்தாலும் இப்படித்தான் குறையும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள், ஹீமோகுளோபின் பாருங்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணென்றால் கர்ப்பப் பரிசோதனையும்.

தலைக்கு சிடி ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை.