கீழக்கரையிலிருந்து ஒரு தோணி: மாற்று வரலாற்றுக் கதை எழுதும் முறை

நடந்த வரலாற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 1930 ஏப்ரலில் கீழக்கரைத் தைக்கா (சூஃபி மடம்) ஒன்றைச் சேர்ந்த 12 பேர் உப்பெடுக்க வேதாரண்யத்துக்குத் தோணி ஏறுகிறார்கள். இது நடக்காதது, மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கட்டும். ராஜாஜியோடு திருச்சியிலிருந்து நடந்தவர்களே சுமார் 100 பேர்தான். அதில் 40 பேரை நுழைத்தால் அது வேறு யாத்திரையாகிவிடும்.

பன்னிரண்டு பேரையும் காந்தியின் நகல்களாக்குவதுதான் வழக்கமான தவறு. மாதிரி அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் இருக்கிறது. அப்துல் கபார் கான் 1929இல் தொடங்கிய குதாய் கித்மத்கார் (இறைத்தொண்டர்) இயக்கம் அகிம்சையை மார்க்கத்திலிருந்தே எடுத்தது: சபுர் என்ற பொறுமை, நபிகளாரின் மக்கா வாழ்க்கை. அதற்குப் படையின் கட்டுக்கோப்பும் இருந்தது. இறைவன் பெயரால் உறுதிமொழி, பழிவாங்க மாட்டேன் என்ற வாக்கு, தினம் 2 மணி நேரப் பொதுத்தொண்டு, அணிவகுப்பு, செஞ்சட்டை. உங்கள் தைக்காவும் இதையெல்லாம் ஊர் வழக்கத்தில் செய்ய வேண்டும். ஊருணி தூர்வாருவதில் தொடங்கலாம். பயிற்சி இல்லாமல் தடியடியைத் தாங்கும் கூட்டத்தை வாசகர் நம்ப மாட்டார்.

பக்கத்திலுள்ள ஏர்வாடி தர்காவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். அங்கே அடங்கியிருப்பவர் போரில் ஷஹீதானவர், அதாவது மார்க்கத்துக்காக உயிர்நீத்தவர். "அவங்க வாளெடுத்தாங்களே காக்கா, நாம மட்டும் ஏன் அடிவாங்கணும்?" என்று ஓர் இளைஞன் கேட்டே ஆக வேண்டும். பதில் சொல்பவர் திணறட்டும். (அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் ஊரில் உருது 'அப்பாஜான்' வந்தால் அந்தப் பக்கத்தோடு கதை போச்சு.)

தேதிகளைத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். ஏப்ரல் 13 திருச்சியில் புறப்பாடு. 23 எல்லைப்புறத்துப் பெஷாவரில், கிஸ்ஸா குவானி கடைவீதியில், போராட்டக் கூட்டத்தின் மீது துப்பாக்கிச்சூடு. 30 வேதாரண்யத்தில் உப்பள்ளுதல். மே 9 வாக்கில் ஹஜ்ஜுப் பெருநாள். கதையின் முடிச்சு 23க்கும் 30க்கும் நடுவில் இருக்கிறது. நிராயுதபாணிகளைச் சுட மறுத்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் கர்வாலிச் சிப்பாய்களின் செய்தியும், செத்தவர்களின் செய்தியும் ஒன்றாக வந்து சேரும். கீழக்கரையில் ரயில் இல்லை; ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து வண்டியில்தான் பேச்சு வர வேண்டும். இறந்தவர் எண்ணிக்கையில் அரசுக் கணக்கும் காங்கிரஸ் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் எண்ணை நீங்கள் சொல்லாதீர்கள், கடைத்தெரு ஆளுக்கொன்றாகச் சொல்லட்டும்.

பாதையில்தான் பலர் சறுக்குவார்கள். கீழக்கரை மன்னார் வளைகுடாப் பக்கம், வேதாரண்யம் பாக் நீரிணைப் பக்கம், நடுவே பாம்பன். உயரமான பாய்மரம் என்றால் 1914 ரயில் பாலத்தின் தூக்குப்பாலம் திறந்தாக வேண்டும். ஆகவே ரயில்வேக்குத் தெரியாமல் யாரும் போக முடியாது. இதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள், கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எங்கே, எதற்குப் போகிறோம் என்று அவர்களே பாலத்து ஆளிடம் சொல்லட்டும். திறப்பதா வேண்டாமா என்பது இப்போது அவன் பாடு.

சித்திரையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், போவது சுலபம். சிறைக்குத் தப்பியவர்கள் திரும்பும்போது வைகாசி நெருங்கி, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று எதிரே அடிக்கத் தொடங்கலாம். பெருநாளுக்கு வீடு சேர்ந்தார்கள் என்று எழுத ஆசை வந்தால், தோணியைத் தொண்டியில் கட்டிப்போட்டுவிட்டு அவர்களை நடக்க விடுங்கள்.