பழைய காருக்குக் கியர் பூட் மாற்றுவது: உள் ரப்பரிலிருந்து தொடங்குங்கள்

கியர் லீவரின் அடியைச் சுற்றி மூடும் உறைதான் கியர் பூட். அதை மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தப் பூட் என்றுதான். பெரும்பாலான பழைய கார்களில் இரண்டு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தோல் உறை ஒன்று, அதற்கு அடியில் தரைத் தகட்டோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிய ரப்பர் இன்னொன்று. நம் ஆட்கள் மேல் உறையை அழகாகத் தைத்துப் போட்டுவிட்டு, உள்ளே ரப்பர் கிழிந்து தொங்குவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேலை செய்வது அந்த ரப்பர்தான். கியர்பாக்ஸ் சூடு, சத்தம், சாயங்கால மழையில் ரோட்டில் தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் தடுப்பது அதுதான், அதையெல்லாம் விட முக்கியம் புகை. எக்ஸாஸ்ட் குழாய் கியர்பாக்ஸ் ஓரமாகத்தான் பின்னால் போகிறது. அதில் ஒரு இணைப்பு லேசாகக் கசிந்தாலும், கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவே ஜாமில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கும்போது ரப்பரின் கிழிசல் வழியாகப் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பின் சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டாட்சன் 120ஒய்யை வைத்துச் சொல்கிறேன், 1171 சிசி ஏ12 எஞ்சினோடு நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிற வண்டி. பழைய கொரோல்லா, மோரிஸ் மைனர் என்று தரையிலிருந்து லீவர் வரும் மற்ற வண்டிகளுக்கும் முறை ஏறக்குறைய இதேதான், ஸ்க்ரூவின் இடமும் எண்ணிக்கையும்தான் மாறும்.

ரப்பர் வாங்குவதில் கவனம் வேண்டும். ஜாலான் ஈப்போ பக்கம் பழைய பார்ட்ஸ் கடைகளில் அசல் பெட்டியோடு ஒன்று கிடைத்தால் எல்லாருக்கும் கை பரபரக்கும், ஆனால் பல வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர், வண்டியில் ஏறுவதற்கு முன்பே பாதி செத்திருக்கும். கடையிலேயே மடிப்புகளை விரல்களால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில் முடி போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அது காற்றில் இருக்கும் ஓசோன் தின்ற ரப்பர், பூட்டிய சில மாதத்தில் கிழியும். புதிதாக வார்த்தது கிடைத்தால் அதையே வாங்குவேன். இ.பி.டி.எம். ரப்பர் என்றால் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். போவதற்கு முன் நான்கு அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: அடி விளிம்பின் நீள அகலம், ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி, கழுத்து உட்காரும் இடத்தில் லீவரின் தடிமன், தகட்டிலிருந்து கழுத்து வரை உயரம். இதில் உயரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறேன்.

வேலையை வண்டி ஆறிய பிறகு தொடங்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டும் கொடுங்கள், ஏனென்றால் நடுவில் கியரை நியூட்ரலில் வைக்க வேண்டிவரும். லீவரின் தலையில் இருக்கும் குமிழுக்குக் கீழே லாக் நட் இருந்தால் அதை ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, குமிழை இடப்பக்கமாகச் சுற்றிக் கழற்றுங்கள். வரவில்லையென்றால் பிளையரை நேராகப் போடாதீர்கள், பழைய குமிழ் நசுங்கினால் அதே மாதிரி தேடுவது பெரும்பாடு. ஹேர் டிரையரால் கொஞ்ச நேரம் சூடு காட்டி, துணியைச் சுற்றிக் கையாலேயே திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும். அப்புறம் கன்சோல் இருந்தால் கன்சோல், அதற்குப் பிறகு கார்பெட். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள்.

இப்போது ரப்பரை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் தெரியும். இந்த இடத்தில்தான் பலருக்கு வேலை கெடுகிறது. ஜப்பான் வண்டிகளின் பிளஸ் ஸ்க்ரூவை உற்றுப் பார்த்தால் தலையில் ஒரு ஓரமாகச் சின்னப் புள்ளி ஒன்று பதித்திருப்பார்கள். அது ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் தொழில்தர முறையில் செய்தது என்பதற்கான அடையாளம். சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது, கொஞ்சம் அழுத்தித் திருப்பினாலே மேலே ஏறி வழுக்கித் தலையை மழித்துவிடும், அதுவும் துருப்பிடித்த ஸ்க்ரூ என்றால் கேட்கவே வேண்டாம். ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்டி முழுவதற்கும் உதவும். துரு எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டுத் திறந்தால் இன்னும் நல்லது. ஸ்க்ரூ உடைந்து புதிதாகப் போட வேண்டி வந்தால் நீளம் பழையதைத் தாண்டக்கூடாது, கீழே ரிவர்ஸ் லைட் சுவிட்சுக்குப் போகும் ஒயர் இருக்கிறது.

பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் புதியது சரியாக உட்காரும் வரை தூக்கி எறியாதீர்கள். ஓட்டைக்குள் ஒரு துணியை அடைத்துவிட்டு, விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பசையையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிரைமர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். லீவர் தளதளவென்று ஆடுகிறதா என்றும் இப்போதே பாருங்கள். ஆடினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும், எல்லாம் திறந்திருக்கும்போதே அதை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

புது ரப்பரைப் பத்து நிமிடம் சுடுதண்ணீரில் போட்டு வையுங்கள். லீவரின் மரையில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் மரையின் கூர் கழுத்தின் உள் உதட்டைக் கீறிவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவி, குறுகிய பக்கம் மேலே இருக்கும்படி இறக்குங்கள். கிரீஸ் வேண்டாம், பெட்ரோலியம் கிரீஸ் பட்டால் பல ரப்பர்கள் ஊதிக் கெட்டுப்போகும். விளிம்புக்கடியில் மெல்லியதாகப் பியூட்டைல் பசை வைக்கலாம். வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண சிலிகானை மட்டும் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் அமிலமே வெறும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

வளையத்தை வைத்து ஸ்க்ரூக்களை எதிரெதிராக, பாதி அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். குமிழைப் போட்டு, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உயரம் குறைவான ரப்பரோ அதிகத் தடியான ரப்பரோ லீவரை நடுவுக்கே இழுத்துக்கொண்டிருக்கும், ஓடும்போது கியர் தானாகக் கழன்று வர அதுவும் ஒரு காரணம். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பட்டறை போமன் (மெக்கானிக்) சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். எந்தக் கியரிலும் ரப்பர் விறைப்பாக இழுபடவில்லை என்றால் முழுதாக இறுக்கலாம்.

மேல் உறைக்குக் குஷன் கடையில் கொடுத்தால், பழையதைப் பிரித்து அதே அளவில் தைத்துத் தருவார்கள். "அண்ணே, பியூ வேணாம், நல்ல வினைலோ நிஜத் தோலோ போடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் பியூ என்கிற செயற்கைத் தோல் கொஞ்ச வருடத்தில் செதில் செதிலாக உரியும். உறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தலைகீழாக லீவரில் மாட்டி, கழுத்தைக் கேபிள் டையால் கட்டி, அப்புறம் கீழே இழுத்து விரித்தால் கட்டு உள்ளே மறைந்துவிடும்.

கார்பெட்டையும் கன்சோலையும் திருப்பிப் போடுவதற்கு முன், இருட்டிய பிறகு வண்டிக்கடியில் ஒரு டார்ச் லைட்டைக் கியர்பாக்ஸ் பக்கம் பார்த்து எரியவிட்டு, உள்ளே உட்கார்ந்து பாருங்கள். விளிம்பில் எங்காவது கோடாக வெளிச்சம் வந்தால் அந்த இடத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, பசையைச் சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். புது ரப்பர் அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கும், அதனால் ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு கால் சுற்று பார்த்துக்கொள்ளுங்கள்.