ஆணி இல்லாமல் நிற்கும் வீடு: மங்கோலிய கெர் மாதிரி செய்யும் முறை

என் முதல் இரண்டு கெர் மாதிரிகளும் கூரை ஏற்றும்போதே சரிந்தன. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த இடம் வரும்போது சொல்கிறேன். அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றவை கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

கெர் என்பது மங்கோலிய மேய்ச்சல் குடும்பங்களின் வட்ட வீடு. அங்கே குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் போகும். மறைப்பில்லாத புல்வெளியில் காற்று ஓயாது. மந்தையோடு ஆண்டுக்குச் சில முறை இடம் மாறவும் வேண்டும். வட்டச் சுவரில் காற்று மோதித் தள்ள மூலை கிடையாது. ஆட்டு உரோமத்தை நனைத்து அழுத்திச் செய்த கனத்த கம்பளம் சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். சுவரை மடித்து ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடலாம். இந்தக் கைவினையை யுனெஸ்கோ 2013-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தேவையானவை

24 செ.மீ. விட்டமுள்ள மாதிரிக்கு: 11 செ.மீ. நீளத் தட்டை மூங்கில் குச்சிகள் 34, அதே நீளத்தில் உருண்டைக் குச்சிகள் ஏறத்தாழ 18, 6 செ.மீ. மரவளையம், தூணுக்கு இரண்டு குச்சிகள், 7 செ.மீ. அகலக் கதவுச் சட்டம், கம்பளித் துணி, மெழுகு தடவிய பருத்தி நூல். நைலான் நூலை நான் தொடுவதில்லை, முடிச்சு நழுவும். பசையும் வேண்டாம். அசல் வீட்டில் எல்லாம் கட்டித்தான் நிற்கிறது.

சுவர்

மங்கோலியர்கள் இதைக் 'கானா' என்பார்கள். ஒவ்வொரு தட்டைக் குச்சியிலும் 2.8 செ.மீ. இடைவெளியில் நான்கு துளைகள் இடுங்கள். மெல்லிய கை டிரில் போதும். சூடேற்றிய ஊசி மூங்கிலைப் பிளந்துவிடுகிறது. பாதிக் குச்சிகளை வலப்பக்கமும் பாதியை இடப்பக்கமும் சாய்த்து, குறுக்கே வெட்டும் இடங்களில் நூல் கோத்து இரு பக்கமும் முடிச்சிடுங்கள். இரு ஓரங்களையும் நிரப்ப, மீந்த துண்டுகளைக் குட்டையாக நறுக்கிக்கொள்ளுங்கள். இழுத்தால் விரிந்து, தள்ளினால் மடங்க வேண்டும். அசலில் இந்த முடிச்சுகள் தோல் வாரில் இருக்கும்.

சுவரை வட்டமாக வளைத்து இரு முனைகளையும் கதவுச் சட்டத்தில் கட்டுங்கள். கதவு தெற்கு நோக்கி இருப்பது மரபு. குளிர்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிறது.

கச்சை: இங்கேதான் சரிந்தது

கூரைக் குச்சிகளுக்கு 'உனி' என்று பெயர். உச்சி வளையம் 'தோனோ'. முதல் முறை சுவர் நின்றதும் நேரே உனிகளை ஏற்றினேன். ஐந்தாவது குச்சியில் சுவரின் மேல்விளிம்பு விரலளவு வெளியே நகர்ந்தது. ஆறாவதை வைத்தபோது வளையம் ஒரு பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கக் குச்சிகள் துளையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டன. பிடிமானம் போதவில்லை என்று நினைத்து இரண்டாவது மாதிரியில் பசை போட்டேன். மறுநாள் காலை பசையோடு பெயர்ந்து கிடந்தது.

பிடிமானம் குறையே அல்ல. சாய்ந்த குச்சி ஒவ்வொன்றும் கூரையின் பாரத்தைக் கீழே இறக்குவதோடு சுவரை வெளியேயும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை இழுத்துப் பிடிக்கத்தான் சுவரின் மேற்பகுதியைச் சுற்றிக் கச்சை கட்டுகிறார்கள். குச்சி ஏற்றுவதற்கு முன்பே கட்ட வேண்டும். ஒரு கதவு நிலையில் நூலைக் கட்டி, கிராதியின் வெளிப்புறமாகச் சுற்றி, மறு நிலையில் இழுத்து முடியுங்கள். மூன்றாவது மாதிரியில் கச்சை கட்டியபின், குச்சி ஏற ஏறச் சுவர் இறுகியது. எனக்கு அந்த வீடு புரிந்தது அப்போதுதான்.

கூரை

சுவரின் உச்சியில் உள்ள கவட்டைகளை எண்ணி, கதவுக்கு இரண்டைக் கூட்டி, அத்தனை துளைகளை வளையத்தைச் சுற்றி இடுங்கள். 12 செ.மீ. உயரத்தில் வளையத்தை இரு தூண்கள் மேல் நிறுத்தி, முதலில் எதிரெதிராக நான்கு குச்சிகள், பிறகு மற்றவை. அடிமுனையை நூல் கண்ணியால் கவட்டையில் மாட்டுங்கள். கசாக், கிர்கிஸ் கூடாரங்களில் குச்சிகள் அடியில் வளைந்திருக்கும், நடுத்தூண் இராது. கிர்கிஸ் கூடாரத்தின் உச்சி வளையம்தான் கிர்கிஸ்தான் கொடியின் சூரியனுக்குள் இருப்பது.

கம்பளத்தைப் போர்த்தி, அதன் மேலும் இரண்டு கச்சைகள் கட்டுங்கள். உச்சியை மூடும் சதுரத் துணி தனியாக, கயிறு இழுத்தால் பாதி திறக்கும்படி இருக்க வேண்டும். அதற்கு 'ஊர்க்' என்று பெயர். குடும்பத்துக்கும் அதே சொல்தான்.

பின்சேர்க்கை 1: சுவர் விரியவில்லை என்று இரு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். முடிச்சு இறுக்கம்தான் காரணம். ஒரு தாள் நுழையும் அளவு தளர்வு விடுங்கள்.

பின்சேர்க்கை 2: மின்விசிறிக் காற்றில் கூரை தூக்குகிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வளையத்தின் நடுவிலிருந்து உள்ளே ஒரு நூலைத் தொங்கவிட்டு, நுனியில் சிறு கல் கட்டுங்கள். புயல் வரும்போது மங்கோலியர்களும் தோனோவிலிருந்து தொங்கும் கயிற்றில் பாரம் கட்டுகிறார்கள்.