ஒரு ஐ.பி.சி. தாங்கியில் மீனும் கங்குன் கீரையும்

மீன் தண்ணீரைச் சல்லிப் பாத்திக்கு ஏற்றி, மீன் கழிவையே கீரைக்கு உரமாக்கும் அக்வாபோனிக்ஸ் செய்யலாம் என்று முடிவெடுத்த கையோடு பலர் மீன்குஞ்சு வாங்கப் போய்விடுகிறார்கள். மீன் கடைசியாக வரவேண்டியது. முதலில் பார்க்கவேண்டியது பாரம், பிறகு குழாய்.

கொழும்பில், வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, வெறும் நிலம் அரிது என்பதால் கண் நேரே மேல்மாடி சிலாப்புக்குப் போகும். 30 செ.மீ. ஆழத்துக்குச் சல்லி நிரப்பிய பாத்தி, தண்ணீரோடு சேர்ந்து சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 600 கிலோ வரும். வீட்டுச் சிலாப் ஒன்று வழக்கமாகத் தாங்கக் கட்டப்படுவது 150 முதல் 200 கிலோ வரைதான். பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லாமல் மேலே ஏற்றவேண்டாம். கீழே, சமனாக்கி இறுக்கிய தரையில், காலையில் ஐந்தாறு மணிநேர வெயில் விழும் மூலை போதும்.

இங்கே சொல்வது கம்பிக்கூட்டுக்குள் வரும் பெரிய பிளாஸ்டிக் தாங்கியான ஐ.பி.சி.யில், ஒரே ஒரு 1000 லீற்றர் தாங்கியை இரண்டாக வெட்டிச் செய்யும் முறை. தாங்கியில் முன்னர் என்ன இருந்தது என்று கேட்டு, எண்ணெயோ சிரப்போ போன்ற உணவுப்பொருள் இருந்ததை மட்டும் எடுங்கள். இரசாயனம் இருந்தது எத்தனை தரம் கழுவினாலும் உதவாது. மேலிருந்து 35 செ.மீ. அளந்து கம்பிக்கூட்டை கிரைண்டராலும் பிளாஸ்டிக்கை வாளாலும் வெட்டுங்கள். மேல்துண்டைக் கவிழ்த்தால் அதுவே பாத்தி. நடுவிலிருக்கும் மூடியை இறுக்கி விடுங்கள். மீன் தாங்கியாகும் கீழ்த்துண்டில் 55 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 600 லீற்றர் தண்ணீர் நிற்கும். பாத்தியின் பாரம் தாங்கியின் பிளாஸ்டிக்கில் இறங்கக்கூடாது. இருபுறமும் கொன்கிரீட் பிளாக் அடுக்கி, குறுக்கே இரும்புச் சட்டம் போட்டு, தாங்கி விளிம்புக்கும் பாத்திக்கும் நடுவில் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். எல்போ பொருத்தவும் மீன் பிடிக்கக் கையை விடவும் அந்த இடம் வேண்டும். பச்சைப்பாசி பிடிக்காமலிருக்க வெளிப்பக்கம் முழுவதையும் கடும் நிறத்தில் பெயின்ற் அடித்து வெளிச்சத்தைத் தடுங்கள்.

சல்லி 12 கன அடி போதும், அதாவது ஒரு கியூப்பில் (100 கன அடி) ஏறத்தாழ எட்டில் ஒன்று. 10 முதல் 20 மி.மீ. கருங்கல் நல்லது. வினாகிரியில் சில கற்களைப் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை கழுவியே போடவேண்டும். கழுவாத கல்லின் தூள் பாத்தியின் அடியில் சேறாகப் படிந்து, சில மாதத்தில் அழுகல் மணம் கிளம்பும்.

குழாய்ச் சாமான் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பாத்தி அடியில் தட்டையான இடத்தில் 35 மி.மீ. துளை போடுங்கள். உள்ளிருந்து 32 மி.மீ. வால்வ் சொக்கட்டை (வெளிப்புறம் மரை உள்ளது) ரப்பர் வாஷரோடு இறக்கி, கீழிருந்து ஃபோசட் சொக்கட்டால் (உட்புறம் மரை உள்ளது) முறுக்குங்கள். சிலிக்கோனை மட்டும் நம்பவேண்டாம், வளையும் பிளாஸ்டிக்கில் அது சில வாரங்களில் விட்டுப்போகும். கீழே ஒரு சிறு துண்டுக் குழாயும் எல்போவும். அதன் வாய் தாங்கித் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், மூழ்கக்கூடாது.

பாத்திக்குள்ளே நிற்கும் 32 மி.மீ. குழாயின் வாய், பாத்தி அடியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். அப்போது மேலே 5 செ.மீ. சல்லி எப்போதும் காய்ந்திருக்கும்: பாசி வளராது, நுளம்பும் முட்டையிடாது. இந்தக் குழாயைக் கம் போட்டு ஒட்டாமல் அழுத்திச் செருகுங்கள், பின்னர் கழற்றவேண்டி வரும். அதன் தலையில் 40க்கு 32 ரெடியூசர் ஒன்றைப் புனல்போல வையுங்கள். அதற்கு மேல் கவிழ்ப்பது, பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் சைஃபனின் மணி, 63 மி.மீ. குழாயில் செய்தது: மேலே என்ட் கேப், காற்றே புகாதபடி கம் போட்டது, அடியில் நான்கு வெட்டு, ஒவ்வொன்றும் 15 மி.மீ. உயரம். கேப்பின் உட்புறத்துக்கும் புனலின் வாய்க்கும் நடுவே 20, 25 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். எல்லாவற்றையும் சுற்றி, கல்லைத் தடுக்க, பக்கமெல்லாம் 6 மி.மீ. துளையிட்ட 110 மி.மீ. குழாய். கம் பூசியவற்றை ஒரு நாள் காயவிட்டுக் கழுவுங்கள்.

தாங்கிக்குள் வைக்கும் பம்ப் மணிக்கு 2000 லீற்றர், 2 மீற்றர் உயரம் என்று பெட்டியில் போட்டிருக்கும். முக்கால் மீற்றர் ஏற்றும்போது அந்த 2000 வராது. ஆனாலும் நமக்குப் போதும், பாத்திக்குத் தேவை மணிக்கு 600 லீற்றர்தான். மேலே ஏறும் குழாயில் டீ இணைப்புப் போட்டு ஒரு கிளையைத் தாங்கிக்கே திருப்பி விடுங்கள், இரண்டு கிளைக்கும் பால் வால்வ் வேண்டும். திருப்பி விழும் தண்ணீர் மீனுக்குக் காற்றையும் சேர்க்கும். 10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் அளவு சரி. பாத்தி பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிரம்பி, சில நிமிடத்தில் 'கரகர' என்று இழுத்து வடியும். பம்பைத் தாங்கியின் அடியில் வைக்காமல் ஒரு செங்கல் மேலே வையுங்கள். எங்காவது குழாய் கழன்றால் தாங்கி முழுவதும் முற்றத்தில் கொட்டாமல், மீன் நீந்தக் கொஞ்சம் தண்ணீராவது மிஞ்சும். பிளக் பொயின்ற் மழை படாத இடத்தில், ட்ரிப் சுவிட்ச் உள்ள வரியில் இருக்கட்டும்.

சைஃபன் முதல் நாளே ஒழுங்காக வேலை செய்தால் அது அதிர்ஷ்டம். நிரம்பியபின் வடியத் தொடங்காமல் தண்ணீர் புனல் வழியே சொட்டிக்கொண்டே இருந்தால், வரத்துக் குறைவு, அல்லது கேப்பில் காற்று புகுகிறது. முதலில் வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கள், பிறகு கேப்பைப் பாருங்கள். வடிந்து முடிந்தும் நிற்காமல் ஒரு இழையாக ஓடிக்கொண்டிருந்தால் வரத்து அதிகம், வால்வைக் குறையுங்கள். மாதங்கள் நன்றாக ஓடி, பிறகு திடீரென மக்கர் செய்தால், பெரும்பாலும் வேர். மணியைத் தூக்கி உள்ளே கையைவிட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்கள் மணியை எடுத்துவிட்டு, நிற்கும் குழாயின் அடியில் 8 மி.மீ. துளை ஒன்று போட்டு, பம்பை 15 நிமிடம் ஓட்டி 45 நிமிடம் நிறுத்தும் டைமரில் மாட்டலாம். அழகு குறைவு, ஆனால் தொல்லையும் குறைவு. 40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் மாதம் 29 யூனிற் வரும், டைமரில் அது ஏழெட்டுத்தான்.

குழாய்நீரில் குளோரின் இருப்பதால் நிரப்பி, பம்பை ஓடவிட்டு, இரண்டு நாள் விடுங்கள். அதன் பிறகும் மீன் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனியைத் தூளாக்கிப் போட்டு அழுகவிடுங்கள். நன்றாக ஓடும் மீன்தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சு கிடைத்தால் பாத்தியில் பிழிந்துவிடுங்கள். முதலில் மீனுக்கு நஞ்சான அமோனியா ஏறும், பிறகு அதுபோலவே நஞ்சான நைட்ரைற், கடைசியில் செடிக்கு உரமான நைட்ரேற். முதல் இரண்டும் பூச்சியத்துக்கு இறங்கி மூன்றாவது மட்டும் ஏறும்போதுதான் பாத்தியில் அவற்றை மாற்றும் பக்டீரியா குடியேறிவிட்டது. நம் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம்.

அப்போது 15 திலாப்பியாக் குஞ்சு விடுங்கள். 'இவ்வளவு தண்ணீருக்கு இன்னும் விடலாமே' என்று தோன்றும். கணக்குப் பார்க்கவேண்டியது மீனை அல்ல, தீனியை. கீரைப் பாத்தி சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனியின் கழிவைத்தான் வாங்கிக்கொள்ளும். இந்தப் பாத்திக்கு ஏறத்தாழ 50 கிராம். மீன் ஒவ்வொன்றும் கால் கிலோ வந்ததும் பதினைந்தும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். அன்றிலிருந்து பெரியதாகப் பார்த்துக் குழம்புக்கு எடுக்கத் தொடங்குங்கள். பாத்தியில் கங்குன், பசளி, வல்லாரை, புதினா எல்லாம் வரும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் சத்து அதிகம் வேண்டும், தொகுதி பழகிய பிறகு பார்க்கலாம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. கீலேற் இரும்பு (செடி உறிஞ்சக்கூடிய வடிவிலுள்ள இரும்பு) கரைத்து ஊற்றவேண்டும், பழைய ஆணி போட்டால் ஆகாது.

பக்டீரியா வேலை செய்யச்செய்யத் தண்ணீர் புளிக்கும், பருவமழை கொட்டினால் இன்னும் வேகமாக. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6.8க்கும் 7க்கும் நடுவே நிற்கட்டும். 6.5க்குக் கீழே போனால், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் கால் தேக்கரண்டி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் மெதுவாக விட்டு, மறுநாள் அளந்து பார்த்தே அடுத்தது. ஒரேயடியாக ஏற்றினால், பேசாமல் கிடந்த அமோனியா நஞ்சாக மாறி மீன் செத்துவிடும். மழைத்தண்ணீர் வழிய, தாங்கியில் 55 செ.மீ. மட்டத்தில் வலை கட்டிய துளை ஒன்றும், காகத்துக்கும் பூனைக்கும் மேலே ஒரு வலையும் வேண்டும்.

மின்சாரம் போனால், 30 பாகை வெப்பத் தண்ணீரில் மீன் அதிக நேரம் தாங்காது. பவர் பேங்க்கில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், மின்சாரம் வரும்வரை தீனி போடவேண்டாம்.