பழைய கடைக் கட்டடத்தின் வரலாற்றைத் தேடிப் பிடிப்பது எப்படி? (மவுண்ட் ரோடு, பாரிமுனைக்காரர்களுக்கு)

முகப்பில் பொறித்திருக்கும் ஆண்டை உடனே நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அது கம்பெனி தொடங்கிய ஆண்டு. பாரி கம்பெனியின் வணிகம் 1788-இல் தொடங்கியது. பாரிமுனையில் நிற்கும் அந்தக் கம்பெனியின் கட்டடமான டேர் ஹவுஸோ 1940-இல் வந்தது. மனை, கட்டடம், கடை மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

மனைக்கு, கதவு எண்ணை விடுங்கள். அது பலமுறை மாறியிருக்கும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள ஆர்.எஸ். (மறு அளவை), ஓ.எஸ். (பழைய அளவை), சி.சி. (கலெக்டர் சான்று) எண்களைக் குறித்துக்கொண்டு, சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று போடுங்கள். மிகப் பழைய பதிவுகள் எல்லாம் இணையத்தில் கிடைக்காது. அப்படிக் கிடைக்காதவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். சான்றில் வரும் ஆவண எண்ணையும் ஆண்டையும் காட்டி நகல் கேளுங்கள். முதல் புத்தகத்தில் (அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேட்டில்) பதிவான பத்திரத்தின் நகலை, கட்டணம் கட்டி எவரும் வாங்கலாம். சொத்து உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

நகல் கைக்கு வந்ததும் செக்குபந்தியை, அதாவது மனையின் நான்கு எல்லை விவரத்தை, படியுங்கள். விலையைவிட அதுதான் பேசும். வடக்கே யார் கடை, கிழக்கே எந்தச் சந்து என்று இருக்கும். நம் கட்டடத்தின் தடம் அறுந்துபோனால், பக்கத்து மனையின் பழைய பத்திரத்தை எடுங்கள். அதன் எல்லையில் நம் கட்டடத்துக்காரர் பெயர் இருக்கலாம். தெருப்பெயரையும் பழையபடி தேடுங்கள்: பிரகாசம் சாலை பிராட்வேயாகவும், என்.எஸ்.சி. போஸ் சாலை சைனா பஜாராகவும் இருக்கும்.

வில்லங்கம் ‘இல்லை’ என்று வந்தால் கைமாறவே இல்லை என்று பொருளல்ல. பதிவு செய்யாத உயில், வாரிசுரிமை, சட்டத்தால் வந்த மாற்றம் எதுவும் அதில் ஏறாமல் போகலாம். அண்ணா சாலை (மவுண்ட் ரோடு) பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காகக் கார்டில் பில்டிங் என்ற பெயரில் எழுந்தது. பிறகு பாரத் இன்சூரன்ஸ் கைக்குப் போனது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் எல்ஐசி வசமானது. இந்தக் கடைசி மாற்றத்துக்குக் கிரயப் பத்திரம் தேடுவது வீண்வேலை.

கட்டடத்தின் வயதுக்கு மாடிப்படி அடியிலும் பரணிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு உத்திரத்தில் ‘டார்மன் லாங்’ (பிரிட்டிஷ் இரும்பு ஆலை) போன்ற ஆலை முத்திரை இருக்கலாம். ஆலை தொடங்கிய ஆண்டுக்கு முன் அந்த உத்திரம் ஏறியிருக்க முடியாது. ஆனால் இடித்த கட்டடத்து உத்திரத்தை வாங்கிப் போடுவது வழக்கம் என்பதால், ஒரே முத்திரையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கடைக்காரர்களைப் பிடிக்க, கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய மெட்ராஸ் டைரக்டரிகளை (கடைகளின் பெயர், முகவரி தொகுத்த புத்தகங்களை) கேளுங்கள். ஐந்தாண்டு இடைவெளியில் புரட்டி, பெயர் மாறிய இடம் வந்ததும் நடுவிலுள்ள ஆண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.