கேரம் பலகையில் மோதலை அளந்து பார்ப்பது எப்படி

பதினொன்றாம் வகுப்பில் மீட்சி மோதல் (இயக்க ஆற்றல் வீணாகாத மோதல்) பாடம் வந்தால் நான் கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். சூத்திரம் தெரிந்த பிள்ளைகள்கூட, கனமானது லேசானதை இடித்தால் எது எவ்வளவு ஓடும் என்று கேட்டால் திணறுவார்கள். வீட்டில் பலகை இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் எடை. ஒற்றைக் காயைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. ஐந்து காய்களைச் சேர்த்து வைத்து ஐந்தால் வகுங்கள். காய் 5 கிராமை ஒட்டி இருக்கும், ஸ்ட்ரைக்கர் 15 கிராமை ஒட்டி இருக்கும். அதாவது மூன்று மடங்கு. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பலகை மட்டமா என்று பார்த்துவிட்டு, பவுடரைக் கொஞ்சமாகத் தூவித் துணியால் பரப்புங்கள்.

காயால் காயை மெதுவாக, நேராக அடியுங்கள். ஓரத்தில் பட்டால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். நடுவில் பட்டால் வந்த காய் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். நின்ற காய் ஓடும். நிறை சமம், வேகம் கைமாறிவிட்டது.

அப்புறம் ஸ்ட்ரைக்கரால் காயை அடியுங்கள். இடையில் 10 செ.மீ. விடுங்கள், விரல் விட்ட பிறகுதான் மோத வேண்டும். ஸ்ட்ரைக்கர் நிற்காது, காயின் பின்னாலேயே கொஞ்சம் போகும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஸ்ட்ரைக்கர் மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். முழு மீட்சி மோதல் என்றால், மோதுவதற்கு முன் காய் எந்த வேகத்தில் தன்னை நெருங்கியதோ, மோதிய பின் அதே வேகத்தில் விலகுவதாக அதற்குத் தெரியும். இதோடு உந்தக் கணக்கையும் (நிறையை வேகத்தால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் மாறாது) சேர்த்தால், ஸ்ட்ரைக்கருக்கு மிஞ்சுவது பாதி வேகம், காய்க்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கு. ஸ்ட்ரைக்கர் எத்தனை கனமாக இருந்தாலும் காய் இரண்டு மடங்கைத் தாண்டாது.

இதை ஸ்கேலால் அளக்கலாம். உராய்வில் சறுக்கி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்றரைக்கும் பாதிக்கும் உள்ள விகிதப்படி காயின் வேகம் ஸ்ட்ரைக்கரின் வேகத்தைப் போல் மூன்று மடங்கு என்றால் தூரம் ஒன்பது மடங்கு வர வேண்டும். என் பலகையில் ஸ்ட்ரைக்கர் 5 செ.மீ., காய் 30 செ.மீ.; ஆறு மடங்குதான். ‘டக்’கென்ற சத்தமாகவும் சூடாகவும் கொஞ்சம் ஆற்றல் போய்விடுகிறது. முழு மீட்சி மோதல் கேரமில் கிடையாது என்று பிள்ளைகள் அங்கேயே புரிந்துகொள்வார்கள்.

கடைசியாகத் திருப்பிச் செய்யுங்கள்: நிற்கும் ஸ்ட்ரைக்கரைக் காயால் அடியுங்கள். காய் பின்னால் திரும்பி வரும், ஸ்ட்ரைக்கர் முன்னால் நகரும். கணக்குப்படி இரண்டுக்கும் சம வேகம், ஆளுக்குப் பாதி. குனிந்து பார்த்தால் மோதிய இடத்திலிருந்து இருபுறமும் பவுடரில் கோடு தெரியும். ஸ்ட்ரைக்கரின் கோடு கொஞ்சம் நீளமாக இருந்தால் பதற வேண்டாம், அந்த ‘டக்’ இங்கேயும் தன் பங்கை எடுத்துக்கொண்டது.